டன்சேனி பிரபு: கேள்வி பதில்

எட்வர்ட் பிளங்கெட், பதினெட்டாவது டன்சேனி பிரபு (1878–1957). அயர்லாந்தில் மீத் பகுதியின் கோட்டைக்காரர், ராணுவ அதிகாரி, வேட்டைக்காரர். தனக்கென்று ஒரு தெய்வக் கூட்டத்தையே உண்டாக்கி எழுதியவர்.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: 1910 தொகுப்பில் உள்ள யான் நதிப் பயணக் கதை. அடுத்து 1912இல் வந்த 'அதிசயங்களின் புத்தகம்'. முதல் நூலாயிற்றே என்று 'பெகானாவின் தெய்வங்கள்' நூலில் தொடங்கினால் பாதியில் மூடிவிடுவீர்கள். அதில் கதை என்று பெரிதாக இல்லை. தெய்வங்களும் தீர்க்கதரிசிகளும் துண்டு துண்டாக வந்துபோவார்கள். 1924 நாவலான 'எல்ஃப்லாந்து அரசனின் மகள்' கடைசியில் இருக்கட்டும்.

கேள்வி: பெகானாவில் முதற்கடவுள் மானா-யூத்-சூஷாய் தூங்குவது நம் பெருமாளின் அரிதுயில்தானே?

பதில்: மேலோட்டமாகத்தான். அரிதுயில் உலகைக் காக்கும் உறக்கம். மானா சிறு தெய்வங்களைப் படைத்துவிட்டுக் கண்ணயர்ந்தவர்; அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அவர் கணக்கில் இல்லை. அவர் தூங்க ஸ்கார்ல் என்ற முரசுக்காரன் முரசு கொட்டிக்கொண்டே இருக்கிறான். அவன் கை ஓய்ந்தால் மானா விழிப்பார், உலகமும் தெய்வங்களும் இல்லாமல் போகும். நடை கிங் ஜேம்ஸ் பைபிளுடையது. தெய்வக் கூட்டத்தில் கிரேக்கச் சாயல்.

கேள்வி: சொந்தக் காசில் புத்தகம் போட்டாராமே?

பதில்: பெகானாவுக்கு மட்டும். 1905, லண்டனில் எல்கின் மேத்யூஸ் வெளியீடு.

கேள்வி: அவர் நூல்களுக்கு ஓவியர் சைம் வரைந்த படம் முதலா, கதை முதலா?

பதில்: ஆரம்ப நூல்களில் கதை முதல். 1912 தொகுப்பில் தலைகீழ். பத்திரிகைக்காரர்கள் தனக்கேற்ற பொருள் தருவதில்லை என்று சிட்னி சைம் குறைபட்டுக்கொண்டார். மனம் போனபடி வரையுங்கள், நான் கதை எழுதிக்கொள்கிறேன் என்றார் டன்சேனி. அந்தக் கதைகள் திடீரென்று நடுவில் தொடங்குவதுபோல் இருப்பது அதனால்தான்.

கேள்வி: அவர் பாணியில் எழுதிப் பார்த்தேன், நாடக வசனம் மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

பதில்: புதிதாக மிகைபுனைவு (ஃபேன்டசி) எழுத வருபவர்களுக்குக் காத்திருக்கும் முதல் பயங்கர விதியே டன்சேனியைப் போலி செய்வதுதான் என்று 1973இல் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ க்வின் கிண்டலடித்தார். எல்லாரும் எடுத்துக்கொள்வது வினோதப் பெயர்களையும் பழைய நடையையும். விட்டுவிடுவது அவற்றுக்கு அடியில் இருக்கும் சாதாரண விஷயங்களை. யான் நதிக் கதையில் பெர்டோண்டாரிஸ் நகரைப் பாருங்கள். முதலில் கப்பல் தலைவனும் வியாபாரியும் சரக்குக்கு விலை பேசுகிறார்கள். சாதாரணச் சந்தைப் பேரம். பிறகு கதைசொல்லி ஊர் மதில் பக்கம் நடந்து பெரிய தந்தக் கதவு ஒன்றைப் பார்க்கிறான். வேலைப்பாட்டை ரசித்தபடி நெருங்கினால், முழுக் கதவும் ஒரே துண்டுத் தந்தத்தில் செதுக்கியது! உடனே கப்பலுக்கு ஓட்டம். தலைவனிடம் சொன்னதும் பாய் விரிகிறது. அவ்வளவு பெரிய தந்தம் கொண்ட விலங்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி வர்ணனை கிடையாது. நீங்களாக இருந்தால் இரண்டு பக்கம் வர்ணித்திருப்பீர்கள், கதை அங்கேயே செத்திருக்கும். (1919 தொகுப்பில் தொடர்ச்சி உண்டு. உடனே அதற்குத் தாவாதீர்கள், பயம் போய்விடும்.)

இன்னொன்று நீளம். 1912 கதைகள் சில பக்கங்களில் முடிந்துவிடும். மனிதரைத் தின்னும் கிபெலின்களின் கதையில் நாயகனைச் சர்வசாதாரணமாகத் தூக்கில் தொங்கவிட்டு முடித்துவிடுகிறார். அந்த இரக்கமின்மைதான் அலங்கார நடையைத் திகட்டாமல் காப்பது.

கேள்வி: இறகுப் பேனாவால்தான் எழுதுவாரா?

பதில்: ஆமாம், தானே சீவிக்கொள்வார். எழுதியதை முதலில் பார்ப்பதும் தட்டச்சுக்கு உதவுவதும் மனைவி பியாட்ரிஸ்.

கேள்வி: சதுரங்கம்?

பதில்: 1929இல் முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்கா ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது டிரா செய்தவர். ஒரு பக்கம் 32 சிப்பாய்கள் மட்டும், எதிர்ப்பக்கம் வழக்கமான படை என்ற ஆட்டமும் அவருடையது. நான்கு வரிசை முழுக்கச் சிப்பாய் அடுக்க வேண்டும், ஒரு செட் காய்கள் போதாது.

கேள்வி: தமிழில் மொழிபெயர்க்க அனுமதி வேண்டுமா?

பதில்: இந்தியாவில், அவர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு வேண்டாம். இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் 2017 முடிவோடு உரிமை தீர்ந்தது. மறைவுக்குப் பின் முதன்முறையாக வெளியானவற்றுக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து கணக்கு, அவற்றைத் தொடாதீர்கள். பிரிட்டனில் 70 ஆண்டு, 2027 இறுதிவரை உரிமை உண்டு. மின்நூல் விற்றால் அந்த நாட்டை விலக்கிவிடுங்கள். சைம் 1941இல் இறந்தவர், அவர் படங்களுக்கு இரு நாட்டிலும் தடையில்லை.