தாத்தாவின் வாயும் நான்கு விளக்குகளும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பூசாரி. வீட்டில் இந்த ஊர்மொழியான கிரியோல்தான், தமிழ் பேசத் தெரியாது. ஆனால் தீமிதிக்கு முன் அரைமணி நேரம் தமிழ்ப் பாட்டை மடமடவென்று சொல்வார். நடுவில் நிறுத்தி "அடுத்த வரி என்ன?" என்றால் விழிப்பார். முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும். நனவிலி அறிவு என்பது இதுதானா?

வாசகி, சேந்த் ஆந்த்ரே

அன்புள்ள தங்கைக்கு,

முழுக்க இல்லை. அந்தப் பாட்டு தனக்குத் தெரியும் என்பது தாத்தாவுக்குத் தெரியும். சின்ன வயதில் உட்காரவைத்து உருப்போட வைத்திருப்பார்கள். உளவியலாளர்கள் தேடுவது, கற்றோம் என்பதே தெரியாமல் கற்பதை. கோயிலில் தப்படிப்பவர் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளை ஒருநாள் சரியாகத் தாளம் போடுகிறதே, அந்த ரகம்.

1987-ல் மேரி ஜோ நிஸ்ஸன், பீட்டர் புல்லமர் இருவரும் செய்த சோதனை எளிது. நான்கு இடங்களில் ஒன்றில் விளக்கு எரியும், அதற்குரிய பொத்தானை அமுக்க வேண்டும். பத்துப் படி கொண்ட ஒரே வரிசைதான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கை வேகமாகிக்கொண்டே போனது. கோர்சகாஃப் நோயால் நினைவு குன்றியவர்களுக்கும் வேகம் கூடியது. வரிசை ஒன்று இருந்ததை அவர்கள் உணரவே இல்லை.

சரி, வாயால் சொல்ல வராததெல்லாம் நனவுக்கு எட்டாததா? 1994-ல் டேவிட் ஷாங்க்ஸ், மார்க் செயின்ட் ஜான் என்ற உளவியலாளர்கள் இங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்: சொல்ல வரவில்லை என்பதாலேயே நனவுக்குத் தெரியாது என்று முடிவுகட்ட முடியாது என்றார்கள். எனக்கும் அவர்கள் பக்கமே சாய்வு. கேள்வி மொட்டையாக இருந்தால், தெரிந்தவரும் விழிக்கத்தான் செய்வார்.

2001-ல் பெல்ஜியத்தில் தெஸ்த்ரெபெக், க்ளீர்மன்ஸ் இருவரும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். இதே போன்ற விளக்குச் சோதனையில் பழக்கிவிட்டு, பழகிய வரிசை வராதபடி பொத்தான்களை அமுக்கச் சொன்னார்கள். என்ன வரும் என்று அறிந்தவரால்தானே அதைத் தவிர்க்க முடியும்? பொத்தானை அமுக்கியதும் இடைவெளி இல்லாமல் அடுத்த விளக்கு எரியப் பழகிய குழுவால் தவிர்க்க முடியவில்லை, கை பழைய தடத்திலேயே ஓடியது. 2004-ல் ஷாங்க்ஸ் இன்னொருவருடன் சேர்ந்து இதைச் செய்து பார்த்தபோது, பங்கேற்றவர்கள் தவிர்த்துவிட்டார்கள்! வழக்கு இன்னும் முடியவில்லை.

தாத்தாவிடம் நீங்களும் செய்து பார்க்கலாம். அடுத்த வரியைக் கேட்காதீர்கள், மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாய் அதிலேயே போய் விழுகிறதா என்று எனக்கு எழுதுங்கள். தீமிதி அன்றைக்கு மட்டும் வேண்டாம், தாத்தாவிடம் திட்டு வாங்குவீர்கள்.