என் உயரத்துக்கு ரிகம்பெண்ட் சைக்கிளில் எந்த ஃபிரேம் சைஸ் சரியாக இருக்கும்?

"உயரம் 168 செ.மீ., ஸ்மால் வாங்கவா மீடியம் வாங்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு சைஸ் சொல்கிறவர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார். ரிகம்பெண்ட், அதாவது முதுகைச் சாய்த்து ஓட்டும் சைக்கிளில் இடுப்பு சீட்டில் பதிந்திருக்கும், பாதம் முன்னால் பெடலில் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் கணக்கு. இதற்கு எக்ஸ்-சீம் என்று பெயர். ஒரே உயரமுள்ள இருவருக்கு இது 5 செ.மீ. வித்தியாசப்படுவது சாதாரணம்.

ஓட்டும்போது போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு தரையில் உட்காருங்கள். முதுகும் இடுப்பும் சுவரோடு ஒட்டட்டும். காலை முழுக்க நீட்டி, குதிகாலில் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, சுவரிலிருந்து புத்தகம் வரை அளக்கச் சொல்லுங்கள். தொடைப் பின்தசை இறுக்கமாக உள்ளவர்களுக்குக் கால் நீட்டும்போதே இடுப்பு முன்னால் நழுவும். அவர்களுக்கே தெரியாமல் 2, 3 செ.மீ. கூடிவிடும். அதனால் அளப்பவர் இடுப்புக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்க வேண்டும். கை நுழைந்தால் அந்த அளவு செல்லாது.

தயாரிப்பாளர் அட்டவணையில் உங்கள் எக்ஸ்-சீம் ஒரு சைஸின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தாலும் "பொருந்தும்" என்றுதான் விற்பார்கள். பூம், அதாவது கிராங்க்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) தாங்கும் முன்குழாய், அவ்வளவு தூரம் நகரும் என்பதுதான் அதற்கு அர்த்தம். பூமை முழுக்க உள்ளே தள்ளினால் குட்டை வீல்பேஸ் (இரு சக்கரத்துக்கும் இடைவெளி குறைந்த) வண்டியில் பெடல் முன்சக்கரத்தை நெருங்கி, திருப்பத்தில் குதிகால் டயரில் உரசும். முழுக்க வெளியே இழுத்தால் அழுத்தி மிதிக்கும்போது பூம் வளையும், இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று குழாயில் போட்டிருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கோடு தெரிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதை எடுத்து பூமை நீட்டுவதே மேல் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், தெரியும். பெரியதை எடுத்து, குட்டை கிராங்க் போட்டால் உரசல் குறையும் என்பார்கள், உண்மைதான். 170 மி.மீ.க்குப் பதில் 155 போட்டால் முழங்கால் மடங்குவதும் குறையும், பூமை 15 மி.மீ. வெளியே தள்ளவும் இடம் கிடைக்கும். ஆனால் அது வாங்கிய பிறகு செய்கிற வைத்தியம்.

அடுத்தது சீட்டின் உயரம். இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டும் பெரிய சக்கரமாக உள்ள ஹைரேசர் வகையில் பூம் கச்சிதமாக அமைந்திருந்தாலும், சிக்னலில் நின்றால் கால் தரைக்கு எட்டாமல் போகலாம். முதுகைச் சாய்த்தபடியே உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் ஊன்றிப் பாருங்கள். நுனிவிரல் மட்டும் தொட்டால், சீட் விளிம்பு தொடையில் வெட்டினால், அந்த வண்டி வேண்டாம். மூன்று சக்கர டிரைக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதில் பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டு, வண்டிக்கு அடியில் இழுபடும் ஆபத்து உண்டு. ஷூவைப் பிடித்துக்கொள்ளும் பெடல் கட்டாயம். கெட்டியான ஷெல் சீட் என்றால் அதற்கும் தனி சைஸ் உண்டு. கீழ்முதுகு வளைவு சீட்டின் வளைவோடு சேரவில்லையென்றால் எந்தப் பஞ்சுத் திண்டும் காப்பாற்றாது.

"இதெல்லாம் ஒரு சைக்கிளா, இதற்கு இவ்வளவு அளவா" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1933-இல் பிரெஞ்சு பந்தய வீரர் பிரான்சிஸ் ஃபோர் இப்படிச் சாய்ந்து ஓட்டித்தான் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ.க்கு மேல் போனார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வகையைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கியது. வேகம் போதாது என்று யாரும் ஒதுக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

வண்டியில் உட்கார்ந்து சரிபார்க்கும்போது சாதா சைக்கிள் பழக்கத்தில் பெடலைக் கீழே இறக்கி வைத்துப் பார்க்காதீர்கள். இங்கே பெடல் உங்களை விட்டு அதிக தூரம் போவது கிராங்க் முன்னோக்கி நீளும்போது. அந்த நிலையில் குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சாதா சைக்கிளில் அழுத்தம் மிஞ்சினால் உடம்பு சீட்டை விட்டு எழும்பிவிடும். இதில் முதுகுக்குப் பின்னால் சீட் முட்டுக்கொடுப்பதால் அத்தனையும் முழங்காலுக்கே போகும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பூம் கிட்டே இருக்கிறது. பின்பக்கம் வலித்தாலோ இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினாலோ தூரமாக இருக்கிறது. ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். சீட்டின் சாய்வை மாற்றினால் பூமையும் மறுபடி பாருங்கள்.

பூம் ஒரு அங்குலம் வெளியே போனால் மேல் ஓட்டம், கீழ் ஓட்டம் இரண்டும் நீள்வதால் செயின் இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும். அதைச் சேர்க்காமல் முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரிய பல்சக்கரம் என்று கியர் மாற்றினால், செயினை நகர்த்தும் பின் டிரெய்லியர் பிய்ந்துவிடலாம். அதனால் பூம் ஓரிடத்தில் நிலைக்கும் வரை செயினை வெட்ட விடாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும்.