மஃப்டி போலீஸ் ரகசியமா ரெக்கார்ட் பண்ணா செல்லுமா?

கேள்வி: சார், எங்க ஊர்ல லஞ்சம் கேட்ட ஒரு அதிகாரியை மஃப்டில போன போலீஸ் சட்டைக்குள்ள ரெக்கார்டர் வச்சு பிடிச்சுட்டாங்க. சொல்லாம பதிவு பண்றது தப்பில்லையா, கோர்ட்ல நிக்குமா?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: பெரும்பாலும் நிக்கும். பேசுறவங்கள்ல ஒருத்தராவது தெரிஞ்சு பதிவு பண்ணிருந்தா அதுக்கு யார்கிட்டயும் ஆர்டர் வாங்க வேண்டியதில்ல. 1964-ல பம்பாய்ல மரண விசாரணை பாக்குற கொரோனர் மல்கானி ஒரு டாக்டர் விஷயமா காசு கேட்டாரு, லஞ்ச ஒழிப்பு போலீஸ் இன்னொரு டாக்டரோட சம்மதத்தோட அவர் போன்லயே டேப் ரெக்கார்டரை மாட்டி பேச்சை பிடிச்சாங்க, இது சட்டவிரோதம்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன மல்கானி 1972-ல தோத்துட்டாரு.

ரெண்டு பக்கமும் தெரியாம போனை ஒட்டுக்கேக்குறதுதான் வேற கதை. அதுக்கு உள்துறை செயலாளர் ஆர்டர் வேணும், பொது அவசரநிலை, இல்லேன்னா பொதுப் பாதுகாப்புன்னு காரணம் இருக்கணும். 2011-ல ஒரு லஞ்ச கேஸுக்காக மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேப்பு ஆர்டரை சென்னை ஹைகோர்ட் 2025-ல ரத்து பண்ணிடுச்சு. குற்றம்னு சொல்லிட்டாலே எல்லார் போனையும் கேக்கலாம்னா அப்புறம் யாருக்குமே அந்தரங்கம் இருக்காதுல்ல, என்னைக் கேட்டா சரியான தீர்ப்புதான்.

கனடாக்காரங்க இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. டொராண்டோ பக்கம் போலீஸே வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டோட சுவத்துக்குள்ள ஆடியோ, வீடியோ கருவிய ஒளிச்சு வச்சுட்டு போதைப்பொருள் பேரத்துக்கு மஃப்டி ஆளை உக்கார வச்சாங்க. அவருக்கு எல்லாம் தெரியும், அப்படியிருந்தும் வாரன்ட் இல்லாம பண்ணது தப்புன்னு 1990-ல அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா போலீஸ் நல்லெண்ணத்துல பண்ணாங்கன்னு ஆதாரத்தை மட்டும் ஏத்துக்கிட்டாங்க, அது வேற!

போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாதேன்னு சிலர் கேப்பீங்க. வாஸ்தவம். ஆனா "எவ்வளவு தருவ"ன்னு பேரம் பேசுறது வாக்குமூலம் இல்லைங்க, குற்றமே அதான்.

உங்க ஊர் கேஸ்ல வக்கீல் குடையப்போற இடம் பேப்பர்தான். ரெக்கார்டர்ல இருந்து காப்பி எடுத்த சிடியோ பென்டிரைவோ வந்தா பாரதிய சாட்சிய அதிநியமம், அதாவது இப்போ இருக்குற சாட்சியச் சட்டத்தோட 63-வது பிரிவு சர்டிபிகேட் கூட வரணும், அதுல ஹாஷ் வேல்யூ (ஃபைல்ல கைவச்சா மாறிடுற, கைரேகை மாதிரியான ஒரு கோடு) இருக்கணும், கருவியோட பொறுப்பாளர் ஒரு பக்கம், நிபுணர் ஒரு பக்கம் கையெழுத்து போட்டிருக்கணும். குரலே என்னுது இல்லைன்னு அதிகாரி சொன்னா ஒப்பிட்டுப் பாக்க குரல் சாம்பிள் குடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், 2019-லயே சுப்ரீம் கோர்ட் அதுக்கு வழி விட்டாச்சு.