5 வாரத்தில் 4 கிலோ ஏற்றிய கேப்ஸ்யூல்: தொடரலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. உயரம் 168 செ.மீ. சின்ன வயதிலிருந்தே ஒல்லி, எடை 46 கிலோவைத் தாண்டியதே இல்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக உடம்பு ஏறுவதற்கு ஒரு கேப்ஸ்யூலும் பொடியும் வாங்கி 5 வாரமாகச் சாப்பிடுகிறேன். சுத்த மூலிகை, சைடு எஃபெக்ட் கிடையாது என்றார். பசி பயங்கரமாக எடுக்கிறது. இப்போது 50 கிலோ, கன்னம் வந்துவிட்டது. ஆனால் மாடி ஏறினால் தொடை சோர்ந்து போகிறது, ராத்திரி தூக்கமும் இல்லை. நிறுத்தினால் எடை இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தொடரலாமா? அல்லது ஜிம் மாஸ்டர் சொல்லும் பவுடருக்கு மாறலாமா? 19 வயதுத் தங்கையும் அதே கேப்ஸ்யூலைக் கேட்கிறாள்.

பதில்: தொடர வேண்டாம். அதற்காக இதைப் படித்த கையோடு நீங்களாகவே நிறுத்தியும் விடாதீர்கள். நாளைக் காலை அந்தக் கேப்ஸ்யூலையும் பொடியையும் எடுத்துக்கொண்டு ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரைப் பாருங்கள். ஏன் இப்படி இரண்டுங்கெட்டானாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

உங்கள் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் திடீர்ப் பசி, சீக்கிரமே உப்பிய கன்னம், தூக்கமின்மை, மாடிப்படியில் தொடை சோர்வு என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்டீராய்டு. டெக்சாமெதசோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. மூச்சுத்திணறல், கடுமையான ஒவ்வாமை போன்றவற்றுக்கு உயிர் காக்கும் மருந்து அது. அதைப் பொடித்து மூலிகைத் தூளில் கலந்துவிட்டால் பசி எடுக்கும், உடம்பில் நீர் சேரும், முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பு படியும். தராசு முள் நகரும். வாங்கியவர் கைகூப்பி நன்றி சொல்வார். சில பொட்டலங்களில் கூடவே சைப்ரோஹெப்டடினும் இருக்கும். அது ஒரு பழைய அலர்ஜி மாத்திரை, பசியைத் தூண்டும், தூக்கமும் வரவைக்கும்.

என் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமான பெண்ணை அவள் அம்மா சளிக்காகக் கூட்டி வந்தார். "எம்பொண்ணு இப்பத்தான் சார் பாக்கறதுக்குப் பூசினாப்ல இருக்கா, ஆறு கிலோ ஏறிட்டா" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பெண்ணின் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலை வைத்துச் சில விநாடி அழுத்தி எடுத்தேன். பூரி மாவில் விரல் பதித்த மாதிரி குழி அப்படியே நின்றது. கையைத் தூக்கச் சொன்னால், மேல்கை பழையபடி குச்சிதான். வயிற்றின் ஓரத்தில் சிவப்புக் கோடுகள். ஏறிய ஆறு கிலோவில் சதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. சர்க்கரையும் ஏறியிருந்தது. அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். உள்ளே பாதி பச்சை, பாதி வெள்ளை கேப்ஸ்யூல்கள். பெயர் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை.

இந்த வகை ஸ்டீராய்டு சதையை வளர்ப்பதில்லை, கரைக்கிறது. தொடையிலும் தோளிலும்தான் முதலில் கரையும். உங்கள் தொடை சோர்வுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இப்போது, ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதற்கு வருகிறேன். இது யாரும் சொல்லித் தராத விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்த மாதிரி ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைத் தினமும் சுரப்பது அதுதான். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால், 'நமக்கு இனி வேலை இல்லை' என்று அது அடங்கிவிடும். சில நாட்கள்தான் என்றால் உடனே எழுந்துகொள்ளும். மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் எழுந்துகொள்ள நாளாகும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து வருவதையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் உடம்பில் இரண்டுமே இல்லை. அடித்துப் போட்ட மாதிரி சோர்வு, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல் எல்லாம் வரும். ரத்த அழுத்தம் விழும். அந்தச் சமயத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே கணக்கு இதுதான். இப்படி ஒரு பொட்டலத்தை ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டவர் பயமில்லாமல் தூக்கிப் போடலாம். மூன்று வாரமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர் தானாக நிறுத்தக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவர், எத்தனை நாள் என்று சரியாக நினைவில்லாதவர், விட்டு விட்டுச் சாப்பிட்டவர், இரண்டு மூன்று வகைப் பொட்டலம் மாற்றியவர் எல்லாரும் மூன்று வாரம் தாண்டியவர்களாகவே தங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் 5 வாரம். டாக்டரைப் பார்க்கும் அந்த ஓரிரு நாளுக்கு, இப்போது சாப்பிடும் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் இருங்கள். அவர் காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்து விடுவிப்பார். ஏற்கெனவே நிறுத்திவிட்டு வாந்தி, தலைசுற்றல் என்று இருப்பவர் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்கள் பகுதிக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. போனதும் முதல் வாக்கியமாக "உடம்பு ஏற ஒரு கேப்ஸ்யூல் சாப்பிட்டேன், ஸ்டீராய்டு இருக்கலாம்" என்று சொல்லுங்கள். சாப்பிட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தவர்களுக்குத்தான் வைத்தியம் தாமதமாகிறது.

குறைக்கும்போது எடை இரண்டு மூன்று கிலோ இறங்கும். இதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வடிவது பெரும்பாலும் நீர்தான். பொட்டலம் விற்றவர் இந்த இறக்கத்துக்காகத்தான் காத்திருப்பார். "பாத்தியா, நிறுத்துனே, இறங்கிடுச்சு" என்று அடுத்த மாதப் பொட்டலத்தை நீட்டுவார். அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதே கோபம் சட்டத்தைக் காவல் காக்க வேண்டியவர்கள் மேலும் இருக்கிறது. டெக்சாமெதசோன் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆனால் எத்தனை கடைகளில் பெயரைச் சொன்னதும் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள்! பொட்டலம் கட்டுபவருக்கு மூலப்பொருள் அங்கிருந்துதான் போகிறது. பெயர்ச்சீட்டு, உரிம எண், தயாரித்தவர் முகவரி, காலாவதி தேதி இல்லாத எதையும், சித்த மருந்து என்று சொன்னாலும் ஆயுர்வேதம் என்று சொன்னாலும், வாயில் போடாதீர்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர் பெயரில்லாத கவரில் கேப்ஸ்யூல் தரமாட்டார்.

ஜிம் மாஸ்டரின் பவுடருக்கு வருவோம். அது விஷம் என்று சொல்லமாட்டேன். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை கூட்டும் பவுடர்களில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் சர்க்கரையும்தான், கொஞ்சம் பால் புரதம் சேர்த்திருப்பார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் அந்த டப்பாவில் மாஸ்டருக்கும் ஒரு பங்கு போகலாம் என்பதை மறக்காதீர்கள். இதே மாதிரிதான் வீடு தேடி வந்து "முழு உடல் பரிசோதனை, 70 டெஸ்ட்" என்று ரத்தம் எடுப்பவர்களும், ஷேக் என்ற சத்து பானம் கொடுத்து ஆள் சேர்க்கும் கிளப்காரர்களும். எழுபது டெஸ்ட் உங்களுக்குத் தேவையில்லை.

தேவையானது நான்கைந்துதான். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் முதலில். வடசென்னையில் நெருக்கமான வீடுகளில் இருப்பவர், எடை குறைவானவர், ஸ்டீராய்டும் சாப்பிட்டிருக்கிறார் என்றால் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. அடங்கிக் கிடக்கும் கிருமியை ஸ்டீராய்டு எழுப்பிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் அன்றே போங்கள். அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் என்று தெரிந்தால், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் தந்துகொண்டிருந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அடுத்து சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின். எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்வதில் தவறில்லை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. வீட்டாருக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. சோறும் பருப்பும் செய்த வேலை இது. இவ்வளவு தெரிந்தும் எத்தனையோ ஓபி சீட்டுகளில் எடை என்ற இடம் இன்னும் காலியாகவே வருகிறது. ஒல்லியாக வந்தவனுக்கு ஒரு டானிக் எழுதி அனுப்பிவிடுகிறோம். அவன் பொட்டலக்காரரிடம் போகாமல் வேறு எங்கே போவான்?

பரிசோதனையில் எல்லாம் சரி, அப்பாவும் இளவயதில் இதே உடல்வாகு என்றால், உங்களுக்கு நோய் இல்லை, சாப்பாடு போதவில்லை, அவ்வளவுதான். உங்கள் உயரத்துக்கு 52 கிலோ வந்தால் குறைந்தபட்ச ஆரோக்கிய எடையைத் தொட்டுவிடுவீர்கள். 65 கிலோ கனவு இப்போது வேண்டாம்.

"நான் நல்லாத்தான் சாப்பிடுறேன், உடம்புல ஒட்டலை" என்று எல்லாரும் சொல்வார்கள். ஷிப்ட் வேலைக்காரர்களிடம் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதை எழுதச் சொன்னால் உண்மை தெரியும். நாஷ்டா கிடையாது. பத்து மணிக்கு டீயும் பிஸ்கட்டும். ஒரு மணிக்கு ஒரு டீ, பிறகு மூன்று மணிக்கு மலைபோல் சோறு. அந்த ஒரு வேளையை வைத்துத்தான் 'நல்லா சாப்பிடுறேன்' என்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் டீ பசியைக் கொன்றுவிடும், சிகரெட்டும் மாவா என்ற மெல்லும் புகையிலையும் அதைவிட. டீயைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இருக்கும் வேளைகளைப் பெரிதாக்காமல், வேளைகளைக் கூட்டுங்கள். வேலைக்குப் போகும் பையில் 50 கிராம் வறுத்த வேர்க்கடலை இருக்கட்டும். ஏறக்குறைய 280 கலோரியும் 12 கிராம் புரதமும் அதில் வந்துவிடும். இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். மூன்றும் சேர்ந்தால் 500 கலோரி. ராத்திரி ஷிப்டில் இடைவேளைக்கு இதைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் நான்கு இட்லியை நல்லெண்ணெய் தாராளமாக விட்ட பொடியோடு சாப்பிடுங்கள். மீனுக்குக் காசிமேடு பக்கத்தில்தானே இருக்கிறது. வஞ்சிரம்தான் சத்து என்று நினைக்காதீர்கள். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி மூன்றும் விலை குறைவு, சத்தில் குறைவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், அப்போது இன்னொரு முட்டையும் கொண்டைக்கடலையும் போதும்.

இப்படிச் செய்தால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ ஏறலாம். 4 கிலோவைப் பார்த்த கண்ணுக்கு இது அற்பமாகத்தான் தெரியும். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரே மெஷினில் நில்லுங்கள். மெடிக்கல் ஷாப் மெஷின் ஒன்று, ஜிம் மெஷின் ஒன்று என்று மாற்றினால் ஒரு கிலோ வித்தியாசம் மெஷினிலேயே வந்துவிடும்.

தங்கைக்கு அந்தக் கேப்ஸ்யூல் ஒன்றுகூட வேண்டாம். அவளுடைய உயரமும் எடையும் நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று மட்டும் முதலில் பாருங்கள். நீங்கள் டாக்டரிடம் போகும் அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.