இரவு பத்தரை மணிக்கு மேல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தீபாவளிப் பலகாரங்கள் பற்றி எழுதிய குறிப்பில், பல வருடம் இரவில் யாருக்கும் தெரியாமல் தின்றுகொண்டிருந்ததாகவும் அதிலிருந்து வெளியே வந்துவிட்டதாகவும் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எப்படி வந்தீர்கள் என்று எழுதவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு வங்கியில் வேலை. வீட்டில் கணவர், மாமனார், மாமியார், ஏழு வயதில் மகள். கல்யாணத்தின்போது 58 கிலோ, இப்போது 84. நடுவில் அரிசி, கோதுமை எல்லாம் ஒதுக்குகிற பேலியோ உணவுமுறையில் இருந்து ஐந்து மாதத்தில் 13 கிலோ குறைத்தேன். எல்லோரும் கொண்டாடினார்கள். ஒரே வருடத்தில் அவ்வளவும் திரும்பி வந்தது, கூடவே 4 கிலோ சேர்த்துக்கொண்டு. இப்போது மதியம் 12 மணிக்கு மேல் இரவு 8 மணிக்குள் மட்டும் சாப்பிடும் முறை. காலையில் சர்க்கரை போடாத கடுங்காப்பி. மதியம் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பொரியல். சாயங்காலம் டீ, அதிலும் சர்க்கரை கிடையாது. இரவு வெள்ளரிக்காய், தக்காளி.

பத்தரை மணி வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கும். எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம் ஒழித்துப் போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போவேன். மீந்த தயிர் சாதத்தில் ஆரம்பிக்கும். அப்புறம் மிக்சர் டின், மகளின் பிஸ்கட், கடைசியில் தேங்காயும் சர்க்கரையும். நின்றுகொண்டே, ருசி கூடத் தெரியாமல், வயிறு வலிக்கிற வரைக்கும். மறுநாள் அதே பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுவேன். வாரத்தில் நான்கு நாளாவது இப்படி. போன வாரம் சுகர் பார்த்தபோது எல்லையில் இருக்கிறது, வாயைக் கட்டுங்கள் என்றார் டாக்டர். எனக்கு மன உறுதியே இல்லையா அக்கா? ஆபீஸில் ஒருவர் ஊசி போட்டு இளைத்துவிட்டார். நானும் போட்டுக்கொள்ளலாமா?

பெயர் வேண்டாமே.

ச.

*

அன்புள்ள ச.,

பத்தரை மணியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், காலை எட்டு மணியைப் பற்றி ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது.

நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பாருங்கள். கடுங்காப்பி, இரண்டு சப்பாத்தி, பொரியல், டீ, வெள்ளரிக்காய். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 600 கலோரியைத் தாண்டாது. உங்கள் எடையில், வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அதைப்போல மூன்று மடங்கு வேண்டும். பகல் முழுக்கக் கடன் வாங்கிவிட்டு இரவில் வட்டியோடு கட்டுகிறீர்கள், வங்கிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மன உறுதி இல்லை என்கிறீர்கள். கடுங்காப்பியோடு மதியம் வரை கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொடுக்கிறவருக்கு மன உறுதி இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரில் ஒரு சோதனை தொடங்கியது. ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தினார். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராது என்று போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கியவர்கள். முதல் மூன்று மாதம் வயிறாரச் சாப்பாடு, அடுத்த ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால்வாசி போனது. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது எடையை அல்ல. சமையலில் அதுவரை அக்கறையே இல்லாதவர்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடுதான். சோதனை முடிந்து தடை நீங்கியதும் அவர்களில் பலர் வயிறு வெடிக்கிற மாதிரி தின்றார்கள், தின்று முடித்த பிறகும் பசிக்கிறது என்றார்கள், இது மாதக்கணக்கில் நீடித்தது. அந்த அரைப்பட்டினி என்பது எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. நீங்கள் இரவு பத்தரை வரை சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதனால், நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்டதற்கு என் பதிலில் சுவாரசியம் ஒன்றுமில்லை. காலையில் சாப்பிட ஆரம்பித்தேன்.

காலையில் பசிக்காதே என்பீர்கள். பசிக்காதுதான். ராத்திரி தின்றது நெஞ்சு வரைக்கும் நிற்கும், வாய் கசக்கும், கூடவே செய்த தப்புக்குத் தண்டனையாக இன்றைக்குப் பட்டினி கிடக்கலாம் என்று ஒரு குரல் வேறு. அந்தக் குரலைக் கேட்காமல் இரண்டு இட்லியாவது சாம்பாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒரு முட்டை. பதினொரு மணிக்கு மோரும் ஒரு வாழைப்பழமும், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். ஒன்றரை மணிக்குச் சோறு, ஆமாம், சோறுதான். ஒன்றரைக் கரண்டி, கீரை, சாம்பார், காய். ஐந்து மணிக்கு டீயும் ஒரு கை வேர்க்கடலையும். எட்டு மணிக்கு முழுச் சாப்பாடு. இரண்டு வேளைக்கு நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சையில் முதல் படியே இதுதான், மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு. கூடவே ஒரு நோட்டு. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும்: மணி, என்ன, எங்கே, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. கலோரிக் கணக்கு வேண்டாம், அதை நீங்கள் ஏற்கனவே நிறையப் போட்டுவிட்டீர்கள். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் இல்லை.

மணிக்கணக்குப் பார்த்துச் சாப்பிடும் முறை சிலருக்கு ஒத்துவருகிறது, மறுக்கவில்லை. இரவில் இப்படித் தின்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்லதில்லை, அவ்வளவுதான். பேலியோவையும் நான் திட்டப் போவதில்லை. ஆனால் இட்லியும் சோறும் பொங்கலும் இல்லாமல் ஈரோட்டில் ஆயுசுக்கும் வாழ முடியாது என்று தெரிந்தே அதில் இறங்குகிறோம், பிறகு எடை திரும்பினால் நீ ஏமாற்றினாய் என்று நம்மைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானோருக்கு எடையில் நிறையத் திரும்பி வந்திருந்தது, ஆனால் உடல் செலவழிக்கும் சக்தி மட்டும் அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றது. அவர்களும் ஏமாற்றுக்காரர்களா?

சரி, இனி அடுப்படிக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். மிக்சர் டின்னின் மூடியைச் சத்தம் வராமல் திறப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளங்கையை மேலே அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். பிஸ்கட் காகிதத்தைக் குப்பைக்கூடையில் காய்த்தோலுக்கு அடியில் தள்ளுவதும் தெரிந்திருக்கும். இதையெல்லாம் செய்கிறவர் அன்று முழுக்க மற்றவர்கள் முன்னால் என்ன சாப்பிட்டார்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மகள் தட்டில் மீந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் தனியாக வெள்ளரிக்காய். உங்கள் வீட்டில் நீங்கள் வயிறாரச் சாப்பிட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது "என்ன, கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்றதும் இலையில் பாதியை வைத்து எழுந்துவிடுகிறோம், அந்தப் பாதியை வீட்டுக்கு வந்து தனியாகத் தின்கிறோம். ஆகவே எட்டு மணிக்கு எல்லோரோடும் உட்காருங்கள். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டால் அவரவர் போட்டுக்கொள்வார்கள், மாமனாருக்குக் கை இருக்கிறது. மீந்ததை மூடி வைத்து ஃப்ரிட்ஜில் தள்ளுகிற வேலையையும் அடுப்படி விளக்கை அணைக்கிற வேலையையும் கணவர் செய்யட்டும். வீணாகிவிடுமே என்று எதையும் வாயில் போடாதீர்கள், சோற்றைக் காப்பாற்றுகிற பொறுப்பு உங்கள் வயிற்றுக்கு மட்டும் கிடையாது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பத்தரை மணியைத் தவிர, நாளில் வேறு எந்த அரைமணி நேரமாவது "அம்மா", "இந்தாம்மா", "மேடம்" என்று யாரும் கூப்பிடாமல் இருக்கிறதா? எனக்கு இருக்கவில்லை. நான் போனது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை, யாரும் இல்லாத இடத்துக்காகவும்தான், சாப்பாடு அதற்கு ஒரு சாக்கு. பகலில் வயிறு நிறைய ஆரம்பித்த பிறகுதான் இது எனக்கே புரிந்தது. ஆகவே அந்த அரைமணியை விட்டுக்கொடுக்காதீர்கள், ஆனால் மொட்டைமாடிக்கோ வாசல் திண்ணைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் கை டின்னுக்குப் பரபரக்கும். அந்தத் தவிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மிக்சரை அறவே ஒதுக்கவும் சொல்ல மாட்டேன். முதல் மாதம் பெரிய டின் வேண்டாம், அவ்வளவுதான். பிறகு ஐந்து மணி டீயோடு ஒரு சின்னக் கிண்ணத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. 1975இல் ஒரு சோதனை: கட்டுப்பாடாகச் சாப்பிடும் பழக்கமுள்ள சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காத கட்டுப்பாட்டுக்காரர்களைவிட ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள்! கெட்டது கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம் என்று நாம் சொல்வோமே, அதுதான். தடை என்று ஒன்று இருந்தால்தான் அது உடையும்.

உங்களுக்கு இருப்பது சோம்பேறித்தனமோ நாக்கு ருசியோ இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக, கட்டுப்பாடு இழந்து தனியாக வயிறு வலிக்கத் தின்று பிறகு வெட்கப்படுவதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இலிருந்து தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு வாரத்தில் நான்கு நாள். வாயைக் கட்டச் சொன்ன டாக்டரிடம் நீங்கள் இரவைப் பற்றிச் சொன்னீர்களா? அடுத்த முறை சொல்லுங்கள். ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. தின்றதை வாந்தியெடுக்கவோ பேதி மாத்திரை போடவோ ஆரம்பித்திருந்தால், அல்லது உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தள்ளிப்போடவே கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ், எண் 14416, தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

எடை? தின்னும் பழக்கம் நின்றாலே எடை கடகடவென்று குறைந்துவிடும் என்று சொன்னால் அது பொய். ஃபேர்பர்னின் சிகிச்சையால் இரவுத் தீனி நிற்கிறது, எடை பெரும்பாலும் கொஞ்சம்தான் இறங்குகிறது, ஆனால் மேலே ஏறிக்கொண்டே போவது நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் இரண்டும் நழுவும். நான்கைந்து மாதம் இரவுகள் அமைதியான பிறகு எடையைப் பற்றி யோசியுங்கள், அப்போதும் 58க்குப் போக வேண்டாம். சர்க்கரை எல்லையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியான பெரிய ஆய்வில் வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம், கூடவே வாரத்துக்கு 150 நிமிட நடை. அதற்கே நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் 84லிருந்து 78. அவ்வளவு போதும், ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியை நான் கேவலமாகப் பார்ப்பதில்லை, வேலை செய்கிற மருந்துதான். ஆனால் செமாக்ளுடைட் என்ற எடை குறைக்கும் ஊசி மருந்தின் ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. எவ்வளவு காலம், என்ன செலவு, உங்களுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவரிடம் இரவைப் பற்றி மறைக்காமல் சொன்ன பிறகு. ஆபீஸ்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இடையில் விழுவீர்கள். பொங்கலுக்கோ, மாமியார் ஏதாவது சொன்ன நாளிலோ. விழுந்த மறுநாள் காலை அந்த இரண்டு இட்லியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பட்டினி கிடந்து ஈடுகட்டப் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

முதல் வார நோட்டை எழுதி முடித்ததும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். எடையை எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா