நடுராத்திரிக் கணக்கு

கேள்வி: கணவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை, மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். மாதம் முழுவதற்கும் திட்டம் போட்டே குடும்பம் நடத்தியவள் நான். இப்போது படுத்தால் வாடகை, தவணை, ஸ்கூல் ஃபீஸ் என்று ஒரு மணி வரை மனசு கணக்குப் போடுகிறது. திட்டமிடுவதையே விட்டுவிட்டால் நிம்மதி வருமா? – வாசகி, திருப்பூர்

பதில்: விடாதீர்கள். படுக்கையில் நடப்பது திட்டமல்ல, கவலை. திட்டம் போட்டால் கடைசியில் யார், எப்போது, என்ன செய்வது என்று ஒரு வரியாவது மிஞ்சும். கவலை சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும்.

சாயங்காலம் சமையலுக்கு முன் 20 நிமிடம் நோட்டோடு உட்காருங்கள். கணவரும் கூட இருக்கட்டும். 'அப்பவே சேர்த்து வைத்திருந்தால்' என்ற பேச்சு மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள். வருமானம் நிச்சயமில்லாதபோது மாதத் திட்டம் சீக்கிரமே உடையும். உடைந்ததும் 'நம்மால் எதுவும் ஆகாது' என்று மனசு விட்டுப்போகும்.

கட்ட வேண்டியதைத் தேதி வரிசையில் எழுதி, எதிரே 'தள்ளினால் என்ன ஆகும்' என்று குறியுங்கள். ஃபீஸை இரண்டு தடவையாகக் கட்டப் பள்ளியில் கேட்கலாம். வங்கித் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடனாகிவிடும். அதனால் தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், காலத்தை நீட்டித் தவணைத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

'வேலை விசாரிக்கணும்' என்று எழுதினால் அது நோட்டிலேயே கிடக்கும். 'செவ்வாய் காலை பிள்ளைகளை ஸ்கூலில் விட்டதும் பழைய சூப்பர்வைசரைப் பார்ப்பது. அங்கே இல்லையென்றால் அடுத்த யூனிட்' என்று எழுதுங்கள். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்ட காரியம் கைகூடும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. நாளுக்கு மூன்று வேலை போதும். ஒரு மணி நேரம் என்று தோன்றுவதற்கு ஒன்றரை மணி வையுங்கள்.

படுக்கும் முன் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியதை மட்டும் எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

கேள்வி: அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எந்தத் திட்டமும் நிற்பதில்லை. – வாசகர், மதுரை

பதில்: சிகிச்சைக்கே 4 மணி நேரம், போகவர நேரம், பிறகு அம்மாவின் அசதி. அந்த மூன்று நாளிலும் வேறு வேலை எழுதாதீர்கள். மற்ற நாட்களில் பாதியைக் காலியாக விடுங்கள். ஃபைல், மாத்திரைச் சீட்டு, போர்வை (மெஷினில் இருக்கும்போது குளிரும்), சார்ஜர் எல்லாம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். உங்களால் போக முடியாத நாளுக்கு யார் என்று இரண்டு பேரிடம் இப்போதே பேசி வையுங்கள். இரண்டு வாரமாக உங்களுக்குத் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.