இதை யார் சாப்பிடுவார்கள்? மக்குதல் பற்றிக் கேள்வி பதில்

பாலக்கோடு பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருக்கிறது, அதைக் காட்டித்தான் இந்தப் பாடத்தை நடத்துவேன். பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டதற்கு என் பதில்கள் இவை.

பென்னாகரத்திலிருந்து ஓர் ஆசிரியை: டீச்சர், பூசணம் பிடிக்கிறது, அழுகுறது, மக்குறது மூணும் ஒண்ணா வேறயா? அஞ்சாம் வகுப்புக்கு எப்படிச் சொல்றது?

"தானாக மக்கிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. எதுவும் தானாக மக்காது. யாரோ சாப்பிடுகிறார்கள், அதனால்தான் மக்குகிறது. பூஞ்சை சாப்பிட்டால் வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்து கண்ணுக்குத் தெரியும், அதைப் பூசணம் என்கிறோம். ஈரமான பொருளைப் பாக்டீரியா தின்று கூழாக்கி நாற்றம் அடித்தால் அழுகல். இப்படிப் பலரும் மாறி மாறித் தின்று, இலையா சாணமா என்றே தெரியாமல் கறுப்பு மண்போல உதிர்ந்தால் மக்கிவிட்டது என்று பொருள். வாயும் பல்லும் இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நாம் சோற்றை உள்ளே போட்டுக்கொண்டு வயிற்றில் கரைக்கிறோம், அவை கரைக்கும் சாற்றை வெளியே விட்டுப் பொருளை அங்கேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. இது புரிந்துவிட்டால் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் "இதை யார் சாப்பிடுவாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் அப்பா: எங்க தோப்புல பெங்களூரா மாங்காய் பழுத்து விழுந்தா ஒரு வாரத்துல கூழாயிடுது. அதே மரத்து இலை மாசக்கணக்கா அப்படியே கிடக்குது. ஏன்னு பையன் கேட்கிறான்.

உங்கள் பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். பழத்தில் சர்க்கரையும் தண்ணீரும்தான் அதிகம், இரண்டும் எல்லாருக்கும் பிடிக்கும். விழும்போதே தோல் வெடித்துவிடுகிறது, அந்த வழியாக ஈஸ்ட் நுழைந்து சர்க்கரையைத் தின்கிறது, தோப்பில் ஒரு புளித்த வாடை வருமே அது இதனால்தான். அந்த வாடைக்கு ஈ வருகிறது, முட்டை வைக்கிறது, புழு வருகிறது, அப்புறம் எறும்பு, வண்டு. பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்த மாதிரி.

மாவிலை அப்படி இல்லை. மேலே மெழுகு பூசியது போல ஒரு படலம், தண்ணீர் ஒட்டாது. நரம்பில் மரத்தை விறைப்பாக நிற்க வைக்கும் லிக்னின் என்ற கடினமான பொருள் இருக்கிறது, அதைக் கரைக்கத் தெரிந்தவர்கள் குறைவு, முக்கியமாகச் சில பூஞ்சைகள். அதனால் இலை முதலில் மழையில் ஊற வேண்டும், மரவட்டையும் கரையானும் வந்து கடித்துத் துண்டாக்க வேண்டும். துண்டானால் ஓரங்கள் கூடும், ஒவ்வொரு ஓரத்திலும் நுண்ணுயிர் உட்கார இடம் கிடைக்கும். மழைக்காலம் முடிந்ததும் தோப்பில் தேடிப் பாருங்கள், சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும் இலை ஒன்றாவது கிடைக்கும். பையன் கையில் கொடுத்து எதைத் தின்றார்கள், எதை மிச்சம் வைத்தார்கள் என்று கேளுங்கள். புளிய இலை சின்னதும் மெல்லியதும் ஆனதால் சீக்கிரம் மண்ணோடு சேர்ந்துவிடும், பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

நாலாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு: எங்க தாத்தா எருக்குழியைக் கிளறினா புகை வருது, கை வெச்சா சுடுது. உள்ளே யாரு நெருப்பு வெச்சாங்க டீச்சர்?

யாரும் வைக்கவில்லை கண்ணு. நீ ஓடி விளையாடினால் உடம்பு சூடாகிறது இல்லையா? சாப்பிட்ட சாப்பாட்டை உடம்பு பயன்படுத்தும்போது கொஞ்சம் சூடாக வெளியே போகிறது. குழிக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் ஒரே நேரத்தில் சாணத்தையும் ராகித் தாளையும் தின்கின்றன, அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் சேர்ந்து 60 டிகிரி வரைக்கும் ஏறும். நீ பார்த்தது புகை இல்லை, நீராவி. மார்கழிக் காலையில் இன்னும் நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் கவனி: நிரம்பி வழிந்த குழி சில மாதத்தில் பாதியாக இறங்கிவிடும், யாரும் அள்ளவே இல்லை. நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன, குப்பையில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் காற்றில் போய்விடுகிறது. மீதிதான் தாத்தா கொல்லைக்கு அடிக்கும் எரு. கையை ஆழமாக விடாதே, குச்சியால் கிளறிப் பார்.

ஓசூரிலிருந்து ஓர் அம்மா: அடுக்குமாடியில பக்கெட்ல காய்கறிக் கழிவு போட்டு உரம் பண்றேன், நாற்றம் தாங்கல.

காற்று போகவில்லை. காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன, அழுகின முட்டை வாடை அவற்றின் வேலை. காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ கழிவைவிட அதிகமாகப் போட்டுக் கிளறுங்கள், பக்கெட்டில் ஓட்டை போடுங்கள். சில நாளில் மண் வாசனை வரும். சாண எரிவாயுக் கலத்தில் காற்றே விடாமல் மூடி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான், அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் என்ற எரியும் வாயு நமக்கு வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்: எங்க பிள்ளைகளுக்கு யானைச் சாணிதான் தினமும் கண்ணுல படுது. அதை வெச்சுப் பாடம் நடத்தலாமா?

தாராளமாக நடத்துங்கள் சார், தூரத்திலிருந்து, யானை போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டு. யானை தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை, அதனால் சாணியில் நாரும் விதையும் அப்படியே இருக்கும். சாண வண்டு முதலில் வரும், சில வகைகள் உருட்டிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கும். அப்புறம் கரையான், அப்புறம் மழை பெய்தால் காளான். கரையானைப் பற்றி இன்னொன்று சொல்லுங்கள்: புற்று கட்டும் சில வகைகள் மென்ற தழையை உள்ளே அடுக்கி அதன்மேல் பூஞ்சை வளர்த்துத் தின்கின்றன. மழைக்குப் பிறகு நம் ஆட்கள் பறித்து வரும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையிலிருந்து வருவதுதான். வெள்ளாமை செய்யும் பூச்சி!

மூணாம் வகுப்பு மாணவன், அரூர்: ஊறுகாய் மட்டும் ஏன் கெட்டுப்போகல?

உப்பு. நுண்ணுயிரின் உடம்பிலிருக்கும் தண்ணீரையே அது உறிஞ்சிவிடும். ஈரக் கரண்டி போட்டால் பூசணம் வரும், அம்மா திட்டுவது சரிதான். நன்றாகக் காய்ந்த ராகி வருஷக்கணக்கில் இருப்பதும் தண்ணீர் இல்லாததால்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அம்மா: பிளாஸ்டிக் கவரும் கடைசியில மக்கிடும்னு பொண்ணு சொல்றா.

வெயிலில் துண்டு துண்டாக உடையும், அது மக்குவது இல்லை. பாலித்தீனைக் கண்டுபிடித்ததே 1933இல்தான், அதைச் சாப்பிடத் தெரிந்த உயிர்கள் நம் மண்ணில் கிட்டத்தட்ட இல்லை. பூந்தொட்டியில் ராகிக் களித் துண்டு, மாவிலை, பருத்தித் துணி, கவர் நான்கையும் புதைத்து ஈரம் காயாமல் வைத்து, 2 மாதம் கழித்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்பு மாணவன், மாரண்டஅள்ளி (அக்கா எழுதிக் கொடுத்தது): எங்க மணி நாய் ஆடி மாசம் செத்துப்போச்சு. கொல்லையில புதைச்சு மேல அவரை விதை போட்டோம். மணி இப்ப எப்படி இருக்கும்? தோண்டிப் பார்க்கலாமா?

தோண்டாதே கண்ணு, உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும், நோய்க்கிருமியும் இருக்கலாம். மணியின் சதையை மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். ஆழத்தில் காற்று குறைவு, அதனால் மெதுவாகத்தான் நடக்கும். மணிக்கு வலிக்காது. எலும்பும் பல்லும் இன்னும் பல வருஷம் இருக்கும், அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மணியின் உடம்பில் இருந்த சத்தில் கொஞ்சம் மண்ணில் கலந்திருக்கும், அவரையின் வேர் அங்கே எட்டியிருந்தால் அதில் கொஞ்சத்தைக் குடித்திருக்கும். கொடி பந்தல் ஏறிவிட்டதா? பூ என்ன நிறம் என்று அக்காவிடம் சொல்லி எழுது.